கட்டளை வரியிலிருந்து கிளவுட்டுக்குக் கோட் ஏற்றுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு முன்பதிவுத் தளம் செய்பவர்கள், கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு புரொஜெக்ட் செய்பவர்கள், டியூட்டரிக்குப் புள்ளி பார்க்கும் பக்கம் கட்டுபவர்கள் என்று பலரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டபடியே போட்டிருக்கிறோம்.

உதாரணத்துக்கு ஹெரோகு என்ற கிளவுட் தளத்தை எடுத்திருக்கிறோம். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் புஷ் அடித்தால் தளம் ஏறும் என்ற பழக்கத்தைப் பரவலாக்கியது அதுதான். மற்றக் கிளவுட் தளங்கள் எங்கே மாறுபடும் என்பது 19ஆம் கேள்வியில். உதாரணச் செயலி, நிலாவெளி விடுதி ஒன்றுக்குப் பைதனில் எழுதிய அறை முன்பதிவுத் தளம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்; கோடு, புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் இங்கே உள்ளபடியே.

1. டிப்ளோய் பண்ணுறது எண்டா என்ன? கோப்புகளை எஃப்டிபியில தூக்கிப் போடுறதுதானே?

பழைய ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் அவ்வளவுதான். கோப்பு போய் இறங்கினால் தளம் ஓடும். கிளவுட் தளங்களில் மூன்று கட்டம் உண்டு. முதலில் உங்கள் கோட் அங்கே போகிறது (புஷ்). பிறகு அந்தத் தளம் உங்கள் கோப்புகளைப் படித்து, தேவையான பைதன் பதிப்பையும் நூலகங்களையும் நிறுவிப் பொதி கட்டுகிறது (பில்ட்). கடைசியாக அந்தப் பொதியைப் புதிய கொன்டெய்னர் (தனியாக அடைத்த சிறு லினக்ஸ் சூழல்) ஒன்றில் ஓட வைக்கிறது (ரன்).

பிழை வந்தால் இந்த மூன்றில் எந்தக் கட்டத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள். "டிப்ளோய் ஆகுதில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

2. தொடங்குறதுக்கு என்னென்ன வேணும்? விண்டோஸ் லப்டொப் காணுமா?

காணும். கிட், ஹெரோகுவின் கட்டளைக் கருவி, ஒரு கணக்கு, பணம் கட்ட ஒரு காட். இரண்டு கருவிகளையும் நிறுவிய பிறகு டெர்மினலை மூடித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் "அப்படியொரு கட்டளை இல்லை" என்றே சொல்லும். "கிட் --வெர்ஷன்", "ஹெரோகு --வெர்ஷன்" இரண்டும் பதில் சொன்னால் சரி.

"ஹெரோகு லொகின்" அடித்தால் பிரவுசர் திறக்கும்; அங்கே உள்நுழைந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இரண்டாம் படி உறுதிப்படுத்தல் கட்டாயம் என்பதால் டெர்மினலுக்குள்ளேயே பாஸ்வேர்ட் கேட்கும் பழைய வழி இப்போது சரிவராது.

3. யூடியூப்பில இலவசம் எண்டுதானே சொன்னாங்கள்? இது காட் கேக்குது.

அது பழைய வீடியோ. ஹெரோகுவின் இலவசத் திட்டம் 2022 நவம்பர் 28உடன் முடிந்துவிட்டது. இப்போது ஆகக் குறைந்தது ஈகோ: மாதம் 5 டொலர், உங்கள் செயலிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1000 மணித்தியாலம். அடுத்தது பேசிக், செயலிக்கு மாதம் 7 டொலர் வரை. தரவுத்தளத்துக்குத் தனிக் காசு. ரெண்டர் என்ற இன்னொரு தளத்தில் இலவசத் திட்டம் இருக்கிறது, ஆனால் தூங்கும் (கேள்வி 16).

டெபிட் காட் பெரும்பாலும் போதும். வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்பதை மட்டும் வங்கியில் கேட்டுத் திறந்துகொள்ளுங்கள். காட் நிராகரிக்கப்பட்டது என்று வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான். கட்டணம் டொலரில் போவதால் வாடிக்கையாளருக்கு ரூபாயில் விலை சொல்லும்போது கொஞ்சம் இடம்விட்டுச் சொல்லுங்கள்.

4. சரி, முதல்தரம் ஏத்துறதுக்கு எதை எந்த வரிசையில அடிக்கிறது?

புரொஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் "கிட் இனிட் -பி மெயின்" அடியுங்கள். அடுத்த கட்டளைக்குப் போகுமுன் ".கிட்இக்னோர்" என்ற கோப்பை உருவாக்கி, அதில் வெர்ச்சுவல் சூழல் ஃபோல்டரையும் (இந்தப் புரொஜெக்ட்டுக்கு மட்டும் நூலகங்களை நிறுவும் இடம்) ".என்வ்" கோப்பையும் (பாஸ்வேர்ட் போன்றவை இருக்கும் கோப்பு) எழுதுங்கள்; கிட் அவற்றைத் தொடாது. பிறகு "கிட் அட் .", அதன்பின் "கிட் கொமிட் -எம்" போட்டு மேற்கோளுக்குள் ஒரு செய்தி. கொமிட் என்பது கோப்புகளின் அந்த நேரத்து நிலையைக் கிட்டில் பதிவது. இதுவரை நடந்தது எல்லாம் உங்கள் லப்டொப்புக்குள்ளேதான்.

இனி "ஹெரோகு கிரியேட்" என்று அடித்துப் பக்கத்தில் செயலியின் பெயர். சிறிய எழுத்து, இலக்கம், இடைக்கோடு மட்டும் வரலாம். உலகத்தில் வேறு யாரும் எடுக்காத பெயராக இருக்க வேண்டும். "நிலாவெளி-ரூம்ஸ்" போய்விட்டிருந்தால் வேறொன்று பாருங்கள். இந்தக் கட்டளை ஹெரோகு என்ற பெயரில் ஒரு ரிமோட்டையும் (கோட்டை அனுப்பும் வெளி முகவரி) கிட்டில் சேர்த்துவிடும். அதனால் அடுத்தது நேரே "கிட் புஷ் ஹெரோகு மெயின்". பில்ட் வரிகள் ஓடி, கடைசியில் தள முகவரியும் "டிப்ளோய்ட்" என்ற சொல்லும் வந்தால் ஏறிவிட்டது. "ஹெரோகு ஓப்பன்" அடித்துப் பாருங்கள்.

வேறொரு லப்டொப்பில் அதே புரொஜெக்ட்டை இறக்கினால் ரிமோட் இருக்காது. "ஹெரோகு கிட்:ரிமோட் -ஏ" போட்டுச் செயலிப் பெயரைக் கொடுங்கள்.

5. புரொக்ஃபைல் போட்டிருக்கிறன். ஆனா வெப் புரொசெஸ் இல்லையாம், எச்14 எண்டு வருது. ஏன்?

புரொக்ஃபைல் என்பது எந்தக் கட்டளையால் உங்கள் செயலியைத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு. ஃபிளாஸ்க் (பைதனில் தளம் கட்டும் நூலகம்) செயலிக்கு ஒற்றை வரி காணும்: "வெப்: ஜியூனிகோர்ன் ஆப்:ஆப்". ஜியூனிகோர்ன் உங்கள் பைதன் செயலியை ஓட்டும் சேவர். முதல் ஆப் கோப்பின் பெயர், இரண்டாவது அதற்குள் இருக்கும் மாறியின் பெயர்.

கோப்பு இருந்தும் இல்லை என்று வந்தால் பார்க்க வேண்டியவை இவை. நோட்பேட் அதை புரொக்ஃபைல்.டிஎக்ஸ்டி என்று சேமித்திருக்கும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் கண்ணுக்குத் தெரியாது. முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். ரெப்போவின் (கிட் பதிந்து வைக்கும் புரொஜெக்ட் ஃபோல்டரின்) மேல்மட்டத்தில் இருக்க வேண்டும், உள் ஃபோல்டரில் இருந்தால் கணக்கில்லை. கண்டுபிடிக்கக் கஷ்டமானது இன்னொன்று: பழைய பவர்ஷெல்லில் எக்கோ கட்டளையால் கோப்பை உருவாக்கினால் அது யூடிஎஃப்-16இல் எழுதப்படும். திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஹெரோகுவுக்கு மட்டும் விளங்காது. விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் யூடிஎஃப்-8 என்று மாற்றிச் சேமித்து, கொமிட் செய்து, மறுபடி புஷ் பண்ணுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எச்14 வந்தால் "ஹெரோகு பிஎஸ்:ஸ்கேல் வெப்=1" அடியுங்கள்.

6. 'எவ்ரிதிங் அப்-டு-டேட்' எண்டு சொல்லுது. ஆனா தளம் பழசாவே கிடக்கு!

கோப்பைச் சேமித்தீர்கள், கொமிட் செய்யவில்லை. கிட் கொண்டுபோவது கொமிட்டை மட்டுந்தான். "கிட் ஸ்டேட்டஸ்" அடித்தால் சிவப்பில் நிற்கும்.

கொமிட்டும் செய்தாயிற்று என்றால் வேறு கிளையில் (பிராஞ்ச்) நிற்கிறீர்கள். ஹெரோகு மெயின் அல்லது மாஸ்டர் கிளையை மட்டுமே பில்ட் செய்யும்; மற்றதை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். வேறு கிளையைத்தான் ஏற்ற வேண்டுமானால் "கிட் புஷ் ஹெரோகு" என்றபின் கிளைப்பெயர், முக்காற்புள்ளி, மெயின். "மெயின் என்று எதுவும் பொருந்தவில்லை" என்ற கருத்தில் பிழை வந்தால் உங்கள் கிளையின் பெயர் மாஸ்டராக இருக்கும், அல்லது இன்னும் ஒரு கொமிட்கூட இருக்காது. எதையும் மாற்றாமல் மீண்டும் பில்ட் செய்ய "கிட் கொமிட் --அலௌ-எம்ப்டி" உதவும்.

7. புஷ் போகுது, பில்ட்டில சிவப்பா வந்து நிக்குது. பைவின்32 எண்டு ஏதோ கிடைக்கேல்லையாம்.

வெர்ச்சுவல் சூழல் இல்லாமல் "பிப் ஃப்ரீஸ்" (நிறுவிய நூலகங்களைப் பட்டியலிடும் கட்டளை) எடுத்திருக்கிறீர்கள். லப்டொப்பில் இதுவரை நிறுவிய எல்லாமே ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டிக்குள் வந்துவிட்டது. பைவின்32 விண்டோஸுக்கு மட்டுமான நூலகம். அங்கே ஓடுவது லினக்ஸ். அனகொண்டாவில் எடுத்தால் இன்னொரு கோளாறு வரும்: வரிகளில் நூலகப் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் கணினியின் சி டிரைவ் முகவரி நிற்கும். அந்த முகவரி சேவரில் எங்கே இருக்கப்போகிறது?

புதிதாக வெர்ச்சுவல் சூழல் ஒன்றை உருவாக்கி, உண்மையில் தேவையானவற்றை மட்டும் நிறுவி, அதற்குள்ளிருந்து ஃப்ரீஸ் எடுங்கள். ஜியூனிகோர்னும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அது விண்டோஸில் ஓடாது என்பதால் பலர் பட்டியலிலேயே போடுவதில்லை, ஓடாவிட்டாலும் போடுங்கள். பைதன் பதிப்பை ".பைதன்-வெர்ஷன்" என்ற கோப்பில் 3.12 என்பதுபோல் எழுதிவிட்டால் பிறகு ஒருநாள் தானாகப் பதிப்பு மாறி அடிவாங்கும் கதை இல்லை.

நோட் காரருக்கு: என்பிஎம் பூட்டுக்கோப்பும் யார்ன் பூட்டுக்கோப்பும் ஒன்றாக இருந்தால் பில்ட் நிற்கும். ஒன்றை அழித்துக் கொமிட் செய்யுங்கள்.

8. என்ர லப்டொப்பில வடிவா ஓடுது. அங்க ஏத்தினா 'அப்ளிகேஷன் எரர்' எண்டு ஒரு வெள்ளைப் பக்கம். என்ன செய்யுறது?

அந்த வெள்ளைப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அதன் ஸ்கிரீன்ஷொட்டை யாருக்கும் அனுப்பிப் பிரயோசனமில்லை. "ஹெரோகு லொக்ஸ் --டெயில்" அடித்து விட்டுவிட்டு, பிரவுசரில் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யுங்கள். லொக்கில் எச்10 என்று வருவது செயலி விழுந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டுமே. காரணம் அதற்கு மேலே இருக்கும். பைதன் பிழை வரிகளில் கடைசி வரியைத் தேடிப் படியுங்கள். ஹெரோகு 1500 வரிகளைத்தான் வைத்திருக்கும், ஆகவே நேற்றைய பிழையை நாளைக்குத் தேடாதீர்கள்.

லப்டொப்பில் ஓடி அங்கே விழுவதற்கு வழமையான காரணங்கள் சில. ஒன்று, நூலகம் பட்டியலில் இல்லை (கேள்வி 7). இரண்டு, சூழல் மாறி (கோட்டுக்கு வெளியே வைத்து, செயலி வாசிக்கும் மதிப்பு) அங்கே இல்லை (கேள்வி 10). மூன்று, போர்ட் (கேள்வி 9). நான்கு, கோப்புப் பெயரில் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது. விண்டோஸுக்கு "ரூம்ஸ்.பிவை" பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சிறிய எழுத்தில் தொடங்கினாலும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். பெயரை எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால் அந்த மாற்றத்தைக் கிட் கவனிக்காமல் விட்டுவிடும். "கிட் எம்வி" கட்டளையால் மாற்றுங்கள்.

ஜாங்கோவில் (பைதனில் தளம் கட்டும் இன்னொரு கட்டமைப்பு) 400 என்று மட்டும் வந்தால் அது விழவில்லை. அனுமதித்த ஹோஸ்ட் பட்டியலில் உங்கள் தள முகவரி இல்லை. படிவம் அனுப்பும்போது 403 வந்தால் நம்பகமான சிஎஸ்ஆர்எஃப் மூலங்களின் பட்டியலைப் பாருங்கள். ஜாங்கோ 4இலிருந்து அங்கே முகவரியை எச்டிடிபிஎஸ் முன்னொட்டுடன் எழுத வேண்டும்.

9. ஆர்10 எண்டு வந்து ஒரு நிமிசத்தில செத்துப்போகுது. கோட்டில பிழையே இல்லை.

கோட்டில் பிழை இல்லை, கேட்கும் இடத்தில் பிழை. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஹெரோகு ஒரு போர்ட் எண்ணை (வெளியிலிருந்து வருவதைச் செயலி கேட்கும் கதவின் எண்) தெரிவு செய்து போர்ட் என்ற சூழல் மாறியில் வைக்கும். 60 வினாடிக்குள் உங்கள் செயலி அந்த எண்ணில் கேட்கத் தொடங்காவிட்டால் நிறுத்திவிடும். நீங்களோ 5000 அல்லது 8000 என்று கையால் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

முகவரியும் முக்கியம். 127.0.0.1 என்றால் அந்தக் கொன்டெய்னருக்குள் மட்டும் கேட்கும், வெளியிலிருந்து வரும் யாருக்கும் கதவு திறக்காது. 0.0.0.0 என்று இருக்க வேண்டும். ஜியூனிகோர்ன் இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். புரொக்ஃபைலில் பைதன் ஆப்.பிவை என்றோ ஜாங்கோவின் ரன்சேவர் என்றோ எழுதியவர்களுக்குத்தான் இந்தப் பிழை வருகிறது.

10. என்வ் கோப்பை இக்னோரில போடச் சொல்லுறீங்கள். அப்ப பாஸ்வேர்ட் எப்பிடி அங்க போகும்?

தனியாகக் கொடுக்க வேண்டும்: "ஹெரோகு கொன்ஃபிக்:செட்" என்றபின் பெயர்=மதிப்பு. கொடுத்தவுடன் செயலி தானாக மீளத் தொடங்கும், புஷ் தேவையில்லை. "ஹெரோகு கொன்ஃபிக்" அடித்தால் எல்லா மதிப்பும் திரையில் அப்படியே வரும். நெட் கஃபேயிலோ வகுப்பில் புரொஜெக்டர் போட்டபடியோ அடிக்க வேண்டாம்.

ஜாங்கோவின் ரகசியத் திறவுகோலில் டொலர் குறி, அன்ட் குறி எல்லாம் வரும். பவர்ஷெல், பாஷ் இரண்டிலும் மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் டொலர் குறிக்குப் பின்னால் இருப்பதை ஷெல் மாறி என்று நினைத்து விழுங்கிவிடும். பழைய சிஎம்டி ஜன்னலில் தலைகீழ்: இரட்டை மேற்கோள்தான் வேலை செய்யும்.

தவறிப்போய் என்வ் கோப்பைக் கொமிட் செய்து கிட்ஹப்பிலும் (கிட் ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளம்) ஏற்றிவிட்டால், கோப்பை அழிப்பதால் தீராது. பழைய கொமிட்டுகளில் அது கிடக்கும். முதலில் அந்தப் பாஸ்வேர்டையும் திறவுகோலையும் உரிய இடத்தில் மாற்றுங்கள். ரெப்போவைத் துப்புரவாக்குவது அதற்குப் பிறகு.

11. போன் ஹொட்ஸ்பொட்டில புஷ் பண்ணினா பாதியில அறுந்துபோகுது. இடையில கரண்ட் போனா என்ன ஆகும்?

அது எந்தக் கட்டத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்தது (கேள்வி 1). கோட் போய்க்கொண்டிருக்கும்போது அறுந்தால், கிட் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். பில்ட் வரிகள் ஓடத் தொடங்கிய பிறகு அறுந்தால் கவலை வேண்டாம். பில்ட் நடப்பது அங்கே, உங்கள் லப்டொப்பில் அல்ல. கன்ட்ரோல்-சி அடித்தாலும் அப்படித்தான்: உங்கள் திரை விலகும், பில்ட் தொடரும், முடிந்ததும் புதிய வெளியீடாகத் தளத்தில் ஏறும். மழைக்காலத்தில் லைன் விழுந்து எழுந்த பிறகு "ஹெரோகு ரிலீஸஸ்" அடித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் மேலே நிற்கும்.

சாதாரணமாக ஒரு புஷ் மாறிய பகுதியை மட்டுமே கொண்டுபோகும், சில கிலோபைட். உங்களுடையது நூற்றுக்கணக்கான மெகாபைட் என்றால் நோட்-மொடியூல்ஸ் ஃபோல்டரோ வெர்ச்சுவல் சூழலோ விடுதியின் ட்ரோன் வீடியோவோ உள்ளே போயிருக்கிறது. "கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்ட்" போட்டு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் கோப்பு லப்டொப்பில் இருக்க, கிட்டிலிருந்து மட்டும் நீங்கும். ஆனால் பழைய கொமிட்டில் அந்தப் பாரம் இருந்தால் அதுவும் கூடவே போகும். இதுவரை எங்கும் ஏற்றாத புதிய புரொஜெக்ட் என்றால் .கிட் ஃபோல்டரை அழித்துக் கேள்வி 4இலிருந்து தொடங்குவது நேரம் மிச்சம். பொதி கட்டியபின் அளவு 500 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு.

12. நேத்து வந்த புக்கிங் எல்லாம் இண்டைக்குக் காணேல்லை. ஆரோ ஹக் பண்ணிட்டாங்களோ?

இல்லை. எஸ்கியூலைட் பாவித்திருப்பீர்கள். அது ஒற்றைக் கோப்பாக இருக்கும் தரவுத்தளம். கொன்டெய்னரின் வட்டில் எழுதப்பட்டது. ஹெரோகு ஒவ்வொரு கொன்டெய்னரையும் நாளுக்கு ஒருதரமாவது மீளத் தொடங்கும், ஒவ்வொரு புஷ்ஷின்போதும் புதிதாக எடுக்கும். அப்போது வட்டு, பில்ட் முடிந்த கணத்தில் இருந்த நிலைக்கே திரும்பும். அறைகளின் படங்களை அட்மின் பக்கம் வழியாக ஏற்றியிருந்தால் அவையும் அதே வழியில் போயிருக்கும்.

தரவுக்கு, போஸ்ட்கிரெஸ் என்ற தனித் தரவுத்தளத்தைச் சேர்க்கும் "ஹெரோகு அட்டொன்ஸ்:கிரியேட் ஹெரோகு-போஸ்ட்கிரெஸ்கியூஎல்:எசென்ஷியல்-0" (மாதம் 5 டொலர் வரை, 1 ஜிகாபைட், ஒரு விடுதிக்குத் தாராளம்). படங்களுக்கு ஏதாவதொரு ஒப்ஜெக்ட் சேமிப்புச் சேவை. காணாமற்போன முன்பதிவுகளை மீட்க வழியில்லை. விடுதிக்குப் போன உறுதிப்படுத்தல் மின்னஞ்சல்களிலிருந்து கையால் எடுக்க வேண்டியதுதான்.

13. போஸ்ட்கிரெஸ் போட்டாச்சு. இப்ப எஸ்கியூஎல்-அல்கெமி 'போஸ்ட்கிரெஸ் எண்டு ஒண்டைத் தெரியாது' எண்டுது.

ஹெரோகு தரும் முகவரி போஸ்ட்கிரெஸ்:// என்று தொடங்கும். எஸ்கியூஎல்-அல்கெமி (பைதனைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் நூலகம்) 1.4இலிருந்து போஸ்ட்கிரெஸ்கியூஎல்:// என்ற நீளமான பெயரை மட்டுமே ஏற்கும். கோட்டில் சூழல் மாறியை வாசித்த அடுத்த வரியில் அந்த முன்னொட்டை ஒருதரம் மாற்றிவிடுங்கள். முகவரி முழுவதையும் பிரதியெடுத்துக் கோட்டில் ஒட்டாதீர்கள்: ஹெரோகு பராமரிப்பின்போது அதை மாற்றும், அன்றைக்குத் தளம் விழும்.

14. விடியக்காலமை 3 மணிக்கு வந்த புக்கிங் முதல்நாள் திகதியில விழுது.

சேவரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்). நாம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை இங்கே புதுநாள், அங்கே இன்னும் பழைய நாள். பகலில் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. இரவு விமானத்தில் வந்திறங்கி அறை தேடும் வெளிநாட்டுக்காரர்தான் இதில் மாட்டுவார்.

தரவுத்தளத்தில் யூடிசியாகவே சேமியுங்கள். "இன்றைய திகதி" கணக்கிடும் இடத்திலும் காட்டும் இடத்திலும் மட்டும் ஏசியா/கொலம்போ என்று மாற்றுங்கள். ஜாங்கோவில் நேர வலயத்தை அமைப்புக் கோப்பில் எழுதினால் காணும். ஹெரோகு ஷெட்யூலரும் யூடிசிதான் கேட்கும்: நம் காலை 7 மணிக்கு நினைவூட்டல் போக வேண்டுமானால் 1.30 என்று கொடுங்கள்.

15. ரசீதை பிடிஎஃப்பா எடுத்தா தமிழ் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியா வருது.

உங்கள் விண்டோஸில் தமிழ் எழுத்துரு பிறவியிலேயே இருக்கிறது, அந்தக் கொன்டெய்னரில் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றின் டிடிஎஃப் கோப்பைப் புரொஜெக்ட்டுக்குள் ஃபொன்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டரில் வைத்து, கொமிட் செய்து, கோட்டில் அந்தக் கோப்பையே சுட்டுங்கள்.

பெட்டி போனபின் அடுத்த பிரச்சினை வரும்: "கொழும்பு" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு. அதைக் கண்ணுக்குச் சரியாக அடுக்குவது எழுத்து வடிவாக்கும் இயந்திரத்தின் வேலை. பல பிடிஎஃப் நூலகங்கள் அதைத் தாமாகச் செய்வதில்லை. எஃப்பிடிஎஃப்2 பாவித்தால் யூஹார்ஃப்பஸ் நூலகத்தையும் நிறுவி, எழுத்து வடிவாக்கலை ஒரு வரியில் இயக்க வேண்டும். சோதிப்பதற்கு "கொட்டியாரம்", "சேருவில", "மூதூர்" மூன்றையும் அச்சிட்டுப் பாருங்கள்.

16. காலமை முதல்தரம் திறக்கேக்க கனநேரம் எடுக்குது. பிறகு பரவாயில்லை. ஏன்?

தூங்கி எழும்புகிறது. ஈகோ திட்டத்தில் 30 நிமிடம் யாரும் வராவிட்டால் நித்திரை. ரெண்டரின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம். புரொஜெக்ட் செய்து காட்டவென்றால் பரவாயில்லை, வைவாவுக்கு ஐந்து நிமிடம் முன்னர் ஒருதரம் திறந்து வையுங்கள். உண்மையான விடுதிக்கு வேண்டாம்; பேசிக்குக்கு மாறுங்கள்.

எல்லாப் பக்கமும் எப்போதும் மெதுவாக இருந்தால் அது தூரம். ஹெரோகுவின் சாதாரணத் திட்டங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டுமே ஓடும். பார்ப்பவர்கள் இலங்கையில் என்றால் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ ஓடும் தளம் நல்லது. நிலாவெளி விடுதிக்குப் பதிவு செய்பவர்களில் பெரும்பங்கு ஐரோப்பியர் என்றால் ஐரோப்பாவே சரி. செயலியை உருவாக்கும்போதே "--ரீஜன் ஈயூ" கொடுக்க வேண்டும். தரவுத்தளமும் செயலியும் ஒரே வலயத்தில் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கண்டத்தில் இருந்தால் ஒவ்வொரு வினவலும் கடல் கடந்து போய்வரும்.

17. புதுசா ஏத்தினது பிழைச்சுப்போச்சு. பழசுக்கு எப்பிடித் திரும்புறது?

"ஹெரோகு ரிலீஸஸ்" அடித்தால் வெளியீடுகள் வி41, வி42 என்று வரிசையாக வரும். "ஹெரோகு ரோல்பேக் வி41" அடித்தால் சில வினாடியில் பழைய கோட் வந்துவிடும், பில்ட் இல்லை. சூழல் மாறிகளும் அந்த வெளியீட்டில் இருந்தபடியே திரும்பும். இடையில் புதிதாகக் கொடுத்த திறவுகோல் ஏதாவது இருந்தால் கவனியுங்கள்.

தரவுத்தளம் திரும்பாது. இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள். புதிய வெளியீட்டில் ஒரு நிரலை (அட்டவணையின் கொலம்) அழிக்கும் மைக்ரேஷன் (தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் வேலை) ஓடியிருந்தால், பழைய கோட் அந்த நிரலைத் தேடி விழும். ஆகவே அழிப்பதை இரண்டு தவணையாகச் செய்யுங்கள்: முதல் வெளியீட்டில் கோட் அந்த நிரலைப் பாவிப்பதை நிறுத்தட்டும், சில நாள் ஓடிய பிறகு அடுத்த வெளியீட்டில் நிரலை அழியுங்கள். ஏற்றுமுன் "ஹெரோகு பிஜி:பேக்கப்ஸ்:கப்ச்சர்" ஒன்று. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நம் பக்கத்துச் சீசனில் இதைத் தவிர்க்கவே வேண்டாம்.

மைக்ரேஷனைக் கையால் ஓட்டுவதைவிடப் புரொக்ஃபைலில் "ரிலீஸ்:" என்று தொடங்கும் இரண்டாவது வரியில் எழுதுவது நல்லது. அது தோற்றால் புதிய கோட் ஏறாது, பழையது ஓடிக்கொண்டிருக்கும்.

18. சொந்த டொமைன் போடுறது எப்பிடி? தமிழிலயும் போடலாமாம், உண்மையோ?

"ஹெரோகு டொமைன்ஸ்:அட்" என்று அடித்து டபிள்யூ மூன்றுடன் பெயரைக் கொடுங்கள். பதிலுக்கு நீளமான ஒரு டிஎன்எஸ் இலக்கு வரும். டொமைன் வாங்கிய இடத்தில் சிநேம் பதிவில் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் பதிவு) அதைப் போடுங்கள். உங்கள் தளத்தின் ஹெரோகு முகவரியை அங்கே போடுவது பொதுவான தவறு. டபிள்யூ இல்லாத வெறும் பெயருக்குச் சிநேம் போட முடியாது; ஏலியஸ் பதிவு தரும் டிஎன்எஸ் சேவை வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து டபிள்யூ உள்ள பெயருக்குத் திருப்பிவிடுங்கள்.

தமிழிலும் போடலாம்; .இலங்கை என்று முடியும் பெயர்கள் உண்டு. ஆனால் கட்டளையில் தமிழ் எழுத்தை அப்படியே கொடுக்காமல், எக்ஸ்என்-- என்று தொடங்கும் பியூனிகோட் வடிவத்தைக் கொடுங்கள். ஜாங்கோவின் ஹோஸ்ட் பட்டியலிலும் அதே வடிவந்தான். பிரவுசர் அனுப்புவது அதைத்தான்.

19. ஹெரோகு வேண்டாம் எண்டா வேற எதில போகலாம்? கட்டளை மாறுமா?

ஃப்ளை என்ற தளத்தில் "ஃப்ளை லோன்ச்" ஒருதரம், பிறகு "ஃப்ளை டிப்ளோய்". சிங்கப்பூர் வலயம் உண்டு. அமைப்புக் கோப்பில் உள்ள இன்டெர்னல் போர்ட்டும் செயலி கேட்கும் போர்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஏறியும் திறக்கவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

கூகிள் கிளவுட் ரன்னில் "ஜிகிளவுட் ரன் டிப்ளோய் --சோர்ஸ் ." என்று அடித்தால் வலயம் கேட்கும், மும்பாய் இருக்கிறது. உள்நுழையாதவர்களை அனுமதிப்பதா என்று இடையில் ஒரு கேள்வி வரும், வெறும் என்டர் தட்டினால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு எல்லோருக்கும் 403. வெர்செல் என்ற தளத்தில் இரண்டாவது தரத்திலிருந்து "--ப்ரொட்" சேர்க்காமல் ஏற்றினால் முன்னோட்ட முகவரிக்குத்தான் போகும், உண்மைத் தளம் மாறாது. ரெண்டர் கிட்ஹப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே புஷ் பண்ணினால் தானே எடுத்துக்கொள்ளும். போர்ட், சூழல் மாறி, அழியும் வட்டு ஆகியவை பற்றி 9, 10, 12இல் சொன்னவை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

20. நானும் கூட்டாளியும் சேந்து செய்யுறம். அவன் ஏத்தினாப்பிறகு என்ர புஷ் ரிஜெக்ட் ஆகுது. ஃபோர்ஸ் போடலாமா?

போட்டால் ஏறும், அவர் செய்தது தளத்திலிருந்து போய்விடும். கிட்ஹப்பில் பொதுவான ரெப்போ ஒன்று வைத்து, இருவரும் அதில் புல் செய்து, சேர்த்து, பிறகு ஏற்றுங்கள். ஹெரோகு ரிமோட்டைக் கோட் சேமிக்கும் இடமாகப் பாவிக்க வேண்டாம். வேறு வழியில்லாமல் அங்கிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் "கிட் புல் ஹெரோகு மெயின்" செய்து மோதல்களைத் தீருங்கள்.

21. விடுதிக்காரர் ஐயா எல்லாத்தையும் என்ர கணக்கிலயே வைக்கச் சொல்லுறார். பிறகு பிரச்சினை வருமோ?

வரும். உங்கள் காட் காலாவதியானால் அவருடைய தளம் நிற்கும். நீங்கள் வெளிநாடு போனால் அவரிடம் ஒன்றும் இருக்காது. டொமைன், ஹெரோகு கணக்கு இரண்டும் அவருடைய மின்னஞ்சலில், அவருடைய காட்டில் இருக்கட்டும். அவர் "ஹெரோகு அக்செஸ்:அட்" மூலம் உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்தால் நீங்கள் உங்கள் லப்டொப்பிலிருந்து வழமைபோல் புஷ் பண்ணலாம். அவருக்கு டெர்மினல் தெரியாவிட்டால் இதை இணையப் பலகையிலும் செய்யலாம்.

ஏற்கெனவே உங்கள் பெயரில் ஏற்றியிருந்தால், முதலில் அவரைக் கூட்டாளராகச் சேர்த்து, பிறகு "ஹெரோகு ஆப்ஸ்:டிரான்ஸ்ஃபர்" அடித்து அவருடைய மின்னஞ்சலைக் கொடுங்கள். அவர் ஏற்றுக்கொள்ளும்வரை உரிமை மாறாது, ஏற்றதும் அடுத்த கட்டணம் அவருடைய காட்டில் விழும். மாற்றியபின் மின்னஞ்சல் சேவை, படச் சேமிப்பு போன்றவற்றின் திறவுகோல்கள் இன்னும் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்தவையா என்று சூழல் மாறிகளில் பாருங்கள். இருந்தால் அவருடைய கணக்கில் புதிதாக எடுத்து மாற்றுங்கள்.